ஹெல்மெட்டின் பின்பக்கம்

வேண்டாமுங்க, மேல வெக்க முடியாதுங்க. மடியிலயே இருக்கட்டும். உங்களுக்கு முழங்கை இடிக்குதுங்களா? நான் வேணா இப்படி ஒருக்களிச்சு உக்காந்துக்கறேன். கண்டக்டரும் இப்பத்தான் கேட்டுட்டுப் போறாரு, "என்னங்க, முட்டையா?"ன்னு. செருப்பு டப்பாவ ரெண்டு கையிலயும் தாங்கிட்டு உக்காந்திருந்தா அப்படித்தான நெனப்பாங்க. முட்டையா இருந்தாக்கூடப் பரவாயில்லீங்க, ஒடஞ்சா வேற வாங்கிக்கலாம்.

உடுமலைக்குங்களா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதானுங்க. கார் இருக்குதுங்க ஊட்டுல. ஆனா காரை ஓட்டிட்டு டப்பாவ ஆரு புடிக்கறது? பக்கத்து சீட்ல வெச்சா ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரும். புடிச்சுட்டு வர ஆள் இருந்தா நான் எதுக்குங்க பஸ்ல வர்றேன். ஆள் இல்லாமப் போனதுதானுங்க கதையே.

என் பேரு திருமூர்த்திங்க. கணபதியில மோட்டார் பம்ப் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடை அது பாட்டுக்கு ஓடும். ஆனா என்னோட நெசமான சோலி வேறங்க. பிளாஸ்டிக் பொம்மை. சிரிக்காதீங்க. கொழந்தைங்க வெளையாடறது இல்லீங்க இது. ஜப்பான்ல இருந்து டப்பாவுல துண்டு துண்டா வரும். கை தனி, கால் தனி, தலை தனி. வெட்டி, ராவி, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, ஒரு சாண் ஒசரத்துக்கு ஒரு மனுசனை எழுப்பி நிறுத்தணும். சிப்பாய், பைலட், ரேஸ் பைக் ஓட்டறவன், எல்லாம் பண்ணியிருக்கேன். கோயமுத்தூர்ல எங்களுக்கு ஒரு கிளப்பே இருக்குதுங்க. அதுல போய் திருமூர்த்தி அண்ணன்னு கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. இப்ப என்ன சொல்றாங்களோ தெரியாது. முன்னாடி சொன்னாங்க.

என் சம்சாரம் சாந்தாமணி ஆரம்பத்துல பெயிண்ட் நாத்தம்னு மூக்கைப் பொத்திட்டு நடப்பா. பொறவு ஒரு நாள் பக்கத்துல வந்து உக்காந்தா. சரி, ஊட்டுல சும்மா இருக்கறா, பொழுது போகட்டுமேன்னு ஸ்டிக்கர் ஒட்டற வேலையக் குடுத்தேன். நான் பண்ணின தப்பு அதுதானுங்க. அந்த வேலையக் குடுத்ததுதான்.

நாங்க டெக்கால்னு சொல்லுவோம். தண்ணி ஸ்டிக்கருங்க. பழைய தையல் மிஷின் மேல பேரு மினுங்குமே, தடவிப் பாத்தாக் கைக்கு மேடு தெரியாதே, அதேதான். பெரிய வித்தை ஒண்ணுமில்லீங்க. வேண்டியத தாள்லேருந்து வெட்டி, வெதுவெதுன்னு தண்ணியில நனைச்சு, எடுத்து ஒரு துணி மேல வெக்கணும். கொஞ்ச நேரத்துல தாள் மேல இருக்கற படம் வழுக்க ஆரம்பிக்கும். பால் மேல கட்டற ஏடாட்டம் இருக்கும், அத்தன மெல்லிசு. மூச்சு வேகமா விட்டா மடங்கிக்கும். அத பிரஷ் முனையால நகத்தி பொம்மை மேல தள்ளணும், எடத்துல நிறுத்தணும், அடியில இருக்கற தண்ணிய ஒத்தி ஒத்தி எடுக்கணும். ஒரு முடி அளவு கோணினாலும் தெரியும். கொஞ்சம் எச்சா அழுத்தினா கிழியும். அழுத்தாம உட்டா உள்ள காத்து நிக்கும். அவ்வளவுதானுங்க. ஸ்டிக்கர் ஒட்டறது.

அதத்தான் இவ பெருசாப் பண்ணிட்டா. ஒட்டறதுக்கு முன்னாடி பொம்மை மேல பளபளன்னு ஒரு கோட் அடிக்கணும்பா. சொரசொரப்பு மேல ஒட்டினா புடிக்காதாமா, அடியில வெள்ளை வெள்ளையாத் தெரியுமாமா. ஒட்டினப்பறம் காய உடணும். காஞ்ச பொறவுதான் மேல வார்னிஷ் குடுத்து சீல் பண்ணணும். அதுக்கு முன்னாடி பண்ணினா ஈரம் உள்ளயே நின்னுக்குமாமா. "காஞ்சுதா சாந்தாமணி?"ன்னு கேட்டா, "இல்லீங்க"ம்பா. மறுநா கேட்டாலும் "இல்லீங்க"தான். எறும்பு சைஸ் ஸ்டிக்கர், அது காய இத்தன நாளுங்களா? நெல்லக் காயப் போட்டவகூட இப்படிக் காவல் இருக்க மாட்டா.

ஆனா ஒண்ணுங்க, பாக்கறவங்களுக்கு ஒட்டின மாதிரியே தெரியாது. அச்சடிச்ச மாதிரி இருக்கும். கிளப்ல பசங்க லென்ஸ் வெச்சுப் பாப்பாங்க. "எப்படிங்ண்ணா இந்த ஃபினிஷிங் வருது?"ன்னு கேப்பாங்க. "கை பழகணும் தம்பி"ம்பேன். அவ அவங்களுக்குக் காப்பி கொண்டாந்து குடுத்துட்டு உள்ள போயிருவா. அவளுக்கு இந்தப் பேர் வாங்கறதெல்லாம் புடிக்காதுங்க. நான் கேட்டதில்ல. ஆனாத் தெரியுமில்லீங்களா, இத்தன வருசம் குடும்பம் நடத்தறவனுக்கு.

மலுமிச்சம்பட்டி தாண்டிட்டமுங்களா? அண்ணா! டிரைவரண்ணா! கொஞ்சம் பாத்து! ...ம்க்கும், காதுல உழுந்தாத்தான.

எங்க உட்டேன்? ஆமாங்க, சம்பத்து. இன்னும் சொல்லவே இல்லியா? சம்பத்து அவளோட தம்பி. மாமனாரும் மாமியாரும் சீக்கிரமே போயிட்டாங்க. அவனை வளத்தினது இவதான். எங்க கல்யாணத்தப்ப டவுசரைப் போட்டுட்டு கார்ல எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துட்டு வந்தானுங்க. எங்களுக்குக் கொழந்தை இல்ல. அவளுக்கு அவனே போதுமாயிருந்துச்சு. நானும் ஒண்ணும் கொறை வெக்கலீங்க. மெக்கானிக் ஷாப்புல சேத்து உட்டேன். அவன் என்னடான்னா பைக்கை ரிப்பேர் பண்றத உட்டுட்டு ரேஸ் ஓட்டறேன்னு கெளம்பிட்டான். டிராக்குல ஓட்டறதுங்க, ரோட்ல இல்ல. ஒவ்வொரு ரேசுக்கும் இவ பூஜை ரூமுக்குள்ள போய் உக்காந்துக்குவா. முடிஞ்சுதுன்னு போன் வந்தாத்தான் வெளிய வருவா.

ரேஸ்ல அவனுக்கு ஒரு சிராய்ப்புகூட ஆகலீங்க. மஞ்சக் காமாலை. தை பொறந்து சோர்வா இருக்குதுன்னான். மாசி பொறக்கறதுக்குள்ள போயிட்டான். இன்னிக்குத்தானுங்க அவன் போன நாளு. உடுமலையில அவங்க அப்பன் ஊட்டுல வெச்சுப் படையல் போடறா. எனக்கு யாரும் சொல்லலீங்க, நானாத்தான் போறேன். மாமன்காரன் நான், எனக்கு எதுக்கு ஒருத்தர் சொல்லணும்?

அவன் உசுரோட இருக்கறப்ப ஒரு காரியம் பண்ணினான். அவனோட ரேஸ் ஹெல்மெட்ல இருக்கற டிசைனை, பொம்மை சைசுக்கு வரைஞ்சு, தெரிஞ்ச பையன் ஒருத்தன் கடையில டெக்காலா அச்சடிச்சுட்டு வந்தான். ரெண்டு பக்கமும் பச்சை நெருப்பு. நெத்தியில அவன் நம்பர். பின்பக்கம், கழுத்துக்கு மேல, அவன் கையெழுத்துல பொடிசா ஒரு வரி: "வந்தர்றேங்க்கா." ரேசுக்குக் கெளம்பறப்ப வாசப்படியில நின்னு சொல்லுவானுங்க, அதுதான். ஹெல்மெட்லயும் எழுதி வெச்சிருந்தான். அவன் போனப்பறம் அந்த ஹெல்மெட்ட ஷாப்புப் பையன் ஒருத்தன் கேட்டான், குடுத்துட்டேன். தூசி புடிச்சுக் கெடக்கறதுக்கு அவனாவது போட்டுக்கட்டும்னுதான். அதுக்கு அவ ஒண்ணும் சொல்லலீங்க. ஒரு வாரம் பேசல, அவ்வளவுதான்.

டெக்கால் ரெண்டு தாள் போட்டிருந்தான். ஒரு தாளை அக்காளும் தம்பியும் சேந்து தண்ணியில போட்டு, ஊற உட்டு, குப்பையாக்கிட்டாங்க. ரெண்டு பேரும் அதுக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்குதே, கடையிலிருந்து வந்த எனக்குக் காது வலிச்சுது. மிச்சம் ஒரே தாள். அத அவ பீரோவுல சேலைக்கு நடுவுல வெச்சுட்டா. வருசக் கணக்காக் கெடந்துச்சு.

போன ஆடியில வந்து, "ஏனுங்க, எனக்கு ஒரு பைக்காரன், ரேஸ் பைக் ஓட்டறவன், பண்ணித் தருவீங்களா?"ன்னா. அவ என்கிட்ட ஒண்ணு கேட்டதே அதுதானுங்க மொதத் தடவை. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. துண்டு துண்டா வர்ற டப்பா, கிட்டுன்னு சொல்லுவோம், அதுல நல்லதாப் பாத்து வரவழைச்சேன். உயிரைக் குடுத்துப் பண்ணினேன். முழங்கால் மடிப்பு, கையுறை மடிப்பு, ஒண்ணொண்ணும். ஹெல்மெட் ஒரு பெரிய நெல்லிக்கா அளவுதான் இருக்கும், அத ராவி ராவிக் கண்ணாடியாக்கினேன். அவ அந்தத் தாளை வெளிய எடுத்தா. பழசுங்களே, நேராத் தண்ணியில போட்டா நொறுங்கிப் போகும்னு, தாள் மேல வார்னிஷ் குடுத்து, காய வெச்சா. வழக்கம்போல நாள் கணக்கா. அப்பத்தான் நான் அந்தத் தாளை போன்ல ஒரு போட்டோ புடிச்சு, கிளப் குரூப்புல 'அடுத்த வேலை'ன்னு போட்டேன். அதுவும் நல்லதாத்தான் போச்சு, பொறவு சொல்றேன்.

கார்த்திகையில கிளப் எக்ஸிபிஷன். நான் இந்த பைக்காரனுக்குப் பேர் குடுத்துட்டேன். என் பேர்லதான். பின்ன? செஞ்சது நான்தானுங்களே. அவகிட்டச் சொன்னப்ப, "அது ஊட்டுக்குத்தானுங்க"ன்னா. இத்தன நல்ல பொம்மைய ஊட்டுக்குள்ள வெச்சு ஆருக்குக் காட்டறது? "சம்பத்துக்கும் பெருமைதான சாந்தாமணி"ன்னேன். பேசல. பேசலைன்னா சரின்னுதான அர்த்தம்.

கிணத்துக்கடவுங்களா இது? ஆளுக ஏறறாங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து உக்காருங்க, தோளு டப்பா மேல படுது. இல்லீங்க, தப்பா நெனைக்காதீங்க. இதுக்குள்ள இருக்கறது அவனேதான், அந்த பைக்காரன். பஞ்சு வெச்சுப் படுக்க வெச்சிருக்கேன்.

எக்ஸிபிஷனுக்கு மொத நாள் சாயங்காலம். மழை இப்ப வருமோ அப்ப வருமோன்னு இருக்குது. நெருப்பு ஒட்டியாச்சு, நம்பர் ஒட்டியாச்சு. பின்பக்கத்து எழுத்து மட்டும்தான் பாக்கி. அதத்தான் அவ கடைசிக்கு வெச்சிருந்தா. ஃபேனை நிறுத்திட்டு, லைட்டை இழுத்து வெச்சுட்டு, ஒட்டினா. நான் பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருந்தேன். ஒட்டி முடிச்சு, ஒரு சின்ன பாட்டில்ல இருந்து மருந்து தொட்டு மேல வெச்சா. ஹெல்மெட்டு உருண்டை பாருங்க, டெக்கால் தட்டை. அந்த மருந்து பட்டா டெக்கால் எளகி வளைவுல போய்ப் படிஞ்சுக்கும். அந்த நேரம் பாத்து மழை புடிச்சுக்கிச்சு. மொட்டை மாடியில துணி. "தொடாதீங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மேல ஓடினா.

இத நல்லாக் கேளுங்க. 'தொடாதீங்க'. அவ்வளவுதான் சொன்னா. ஏன்னு சொன்னாளா? என்ன ஆகும்னு சொன்னாளா? இல்ல. நான் என்ன பச்சைக் கொழந்தையா, தொடாதேன்னு சொல்லிட்டுப் போறதுக்கு? என் மேசை, என் பொம்மை.

சரி, ஈரம் சீக்கிரம் காயட்டும்னு ஃபேனைப் போட்டேன். ரெண்டு நிமிசம் கழிச்சுப் பாக்கறேனுங்க. அந்த எழுத்து பூரா சுருங்கிப் போய்க் கெடக்குது. கொதிக்கற பால் பட்ட தோலாட்டம். 'வந்தர்றேங்க்கா' அப்படியே சுருண்டு மேடும் பள்ளமுமா நிக்குது. விடிஞ்சா எக்ஸிபிஷன். போச்சு, இவ கெடுத்துட்டான்னு நெனச்சேன். ஆருக்குங்க பதறாது?

அந்த மருந்து பட்டா மொதல்ல சுருங்குமாமா. பொறவு அதுவே எளகி, அதுவே படிஞ்சு, அதுவே நேராயிருமாமா. யாரும் ஒண்ணும் பண்ண வேண்டியதில்லியாமா. சும்மா இருக்கணுமாமா. கிளப்ல ஒரு சின்னப் பையன் இத எனக்குப் பொறவு ஒரு நாள் சொல்றான்! எனக்கு எப்படிங்க தெரியும்? மருந்து வெக்கற நேரத்துல நான் எப்பவும் கடையில இருப்பேன். சாயங்காலம் வந்து பாக்கறப்ப எல்லாம் நேராத்தான் இருக்கும்.

கட்டைவெரலால ஒரு அழுத்து அழுத்தினேன். லேசாத்தான். சுருக்கத்த நீவி உடலாம்னு. கையை எடுத்தா ஹெல்மெட்ல ஒண்ணுமில்ல. வெறும் வெள்ளை.

எங்க போச்சுன்னு எனக்கு ஒண்ணும் புரியல. மேசையில தேடினேன், கீழ தேடினேன். கையெல்லாம் அந்த மருந்து பிசுபிசுன்னு. சமையக்கட்டுல போய் சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டேனுங்க. அழுக்குக் கை, கழுவாம என்ன பண்றது? நீங்களா இருந்தாலும் கழுவியிருப்பீங்க.

அவ துணியை அள்ளிட்டு எறங்கி வந்தா. மேசையப் பாத்தா. ஃபேனைப் பாத்தா. துணிய அப்படியே கீழ போட்டுட்டு, "கையக் காட்டுங்க"ன்னா. காட்டினேன். வெரல் வெரலாப் பாத்தா, கட்டைவெரலைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. சோப்பு வாசம் வந்திருக்கும்போல. "கழுவிட்டீங்களா?"ன்னா. "ஆமா"ன்னேன்.

திட்டியிருந்தாப் பரவாயில்லீங்க. நானும் திருப்பித் திட்டியிருப்பேன், முடிஞ்சிருக்கும். அவ சமையக்கட்டுக்குப் போய், சிங்க்குக்கு அடியில உக்காந்து, பைப்பைக் கையாலயே திருகிக் கழட்டினா. கீழ ஒரு டப்பரா வெச்சா. அதுல உழுந்த கரிசல் தண்ணி, சோத்துப் பருக்கை, எல்லாத்தையும் டீ வடிகட்டியில கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ஊத்திப் பாத்தா. "என்ன சாந்தாமணி இது, பைத்தியமா?"ன்னேன். ஊத்திட்டே இருந்தா. எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு இல்ல, அது போகட்டும். அந்த டீ வடிகட்டி நாசமாப் போச்சுங்க. நல்ல ஸ்டீல் வடிகட்டி.

கெடைக்கல. எப்படிக் கெடைக்கும்?

காத்தால நான் என்ன பண்றது, சொல்லுங்க. பேர் குடுத்தாச்சு. மினுமினுப்பு இல்லாத மேட் வார்னிஷ எடுத்து அடிச்சு, சீல் பண்ணிட்டுக் கெளம்பிட்டேன். நெருப்பு இன்னும் காயலைன்னு அவ முன்னாடியே சொல்லியிருந்தா. காயற வரைக்கும் எக்ஸிபிஷன் நிக்குமா? பின்பக்கம் வெறுமையா இருக்குதேன்னு, செவுத்து ஓரமாப் பாத்து நிறுத்தி வெச்சேன். பின்பக்கத்த ஆருங்க பாக்கறா?

பரிசு குடுத்தாங்க! ஆமாங்க. பெங்களூர்ல இருந்து வந்த ஜட்ஜ் மைக்ல சொல்றாரு, "இந்த டெக்கால் ஒட்டின கைக்கு ஒரு கும்புடு போடணும்"னு. எல்லாரும் கை தட்டறாங்க. நான் மேடையில நின்னு கையத் தூக்கிக் காட்டினேன்.

ஷீல்டோட ஊட்டுக்கு வந்தா, கதவு பூட்டியிருக்குது. சாவி பக்கத்து ஊட்டுல. துணிமணி கொஞ்சம், அவ பிரஷ்ஷுக, அந்த மருந்து பாட்டில், அவ்வளவுதான் எடுத்துட்டுப் போயிருக்கறா. நகை அப்படியே இருக்குது. ஒரு ஸ்டிக்கருக்காக, ஏனுங்க, ஒரு எறும்பு சைஸ் ஸ்டிக்கருக்காக ஒருத்தி புருசனை உட்டுட்டுப் போவாளா?

பொள்ளாச்சி வந்துருச்சு. அஞ்சு நிமிசம் நிக்கும்போல. நீங்க வேணா டீ குடிச்சுட்டு வாங்க. நான் எறங்கலீங்க. ...வந்துட்டீங்களா? எனக்கு வேண்டாமுங்க. கை ரெண்டும் வேலையா இருக்குது பாருங்க.

வயிறு எரியற சேதி இன்னொண்ணு இருக்குது, கேளுங்க. இப்ப கிளப்காரங்க பொம்மை எல்லாம் உடுமலைக்கு கூரியர்ல போகுது. இவ ஒட்டி, சீல் பண்ணி அனுப்பறா. பேரு தெரியாத ஊர்க்காரனெல்லாம் 'சாந்தாமணி அக்கா', 'சாந்தாமணி அக்கா'ன்னு குரூப்புல எழுதறான். அக்காளாம்! என் மேசையில உக்காந்து, என் பிரஷ்ஷைப் புடிச்சுப் பழகினவ. இப்ப நானே ஸ்டிக்கர் ஒட்டின பொம்மைய ஒருத்தன் வாங்கிப் பாத்துட்டுக் கேக்கறான், "என்னங்ண்ணா, கை நடுங்குதுங்களா?"ன்னு. எல்லாம் வெள்ளை வெள்ளையாத் தெரியுதாமா. ஊட்டுக்குள்ள போகவே புடிக்கலீங்க எனக்கு. லைட்டைப் போட்டா அந்த மேசைதான் மொதல்ல தெரியுது.

போன் பண்ணினா எடுப்பா. "சாப்டீங்களா?"ம்பா. "மாத்திரை போட்டீங்களா?"ம்பா. ஊட்டுக்கு எப்ப வர்றேன்னு கேட்டா மட்டும் போனை வெச்சிருவா. பொங்கலன்னிக்கு நான் கொஞ்சம் கோவமாவே கேட்டுட்டேன், "அப்படி நான் என்னதான் பண்ணிட்டேன், சொல்லு"ன்னு. ஒண்ணே ஒண்ணு சொன்னா. "கையையாவது கழுவாம இருந்திருக்கலாமுங்க."

அப்படி வா வழிக்குன்னு நெனச்சேன். ஆக, கழுவினதுதான் தப்பு. அழுத்தினது இல்ல, ஃபேன் போட்டது இல்ல, பரிசு வாங்கினது இல்ல. கழுவினது. வெரல்ல ஒட்டியிருந்தத அவ எப்படியாவது எடுத்திருப்பாளாமா. இத அன்னிக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமில்லீங்களா?

அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. நான் போன்ல புடிச்ச போட்டோ இருந்துச்சில்ல, அத எடுத்துட்டுப் போய் புதுசா அச்சடிச்சுட்டேன். போட்டோவுல கொஞ்சம் கலங்கலாத்தான் இருந்துச்சு. அந்தக் கையெழுத்தும் கோணல்மாணல், எட்டாங்கிளாஸ் பையனாட்டம். கடைக்காரன்கிட்டச் சொல்லி கம்ப்யூட்டர்ல நல்ல எழுத்தா போடச் சொன்னேன். பேச்சும் கொச்சையா இருந்துச்சு பாருங்க, நாலு பேர் படிக்கற மாதிரி 'வந்துவிடுகிறேன் அக்கா'ன்னு சுத்தமா மாத்தியாச்சு. சம்பத்து எழுதினதவிட இது நெம்ப நல்லா இருக்குதுங்க. பாத்தா அசந்துருவா.

காத்தால நாந்தான் ஒட்டினேன். என் கையால. முன்னாடி அடிச்ச மேட் வார்னிஷ் மேலயே ஒட்டிட்டேன். பளபளப்புக் கோட் அடிச்சு, அது காஞ்சு, அப்பறம் ஒட்டி... நேரம் எங்கீங்க இருக்குது? இன்னிக்குத்தான நாளு. மருந்து வாங்கி வெச்சிருந்தேன், ரெண்டு தடவை நல்லாவே போட்டேன். சுருங்குச்சு. நான் தொட்டனா? தொடலீங்க. அப்படியே எடுத்து டப்பாவுல வெச்சு, பஸ் ஏறிட்டேன். போற வழியில அதுவா படிஞ்சுக்கும்.

கோமங்கலம் தாண்டியாச்சுங்களா? அப்ப இன்னும் கொஞ்சந்தான். ஒரு தடவை தெறந்து பாத்தர்லாம். இந்த மூடியக் கொஞ்சம் புடிங்க. மெதுவா. பாத்தீங்களா? எப்படி இருக்கறான்? முழங்காலைப் பாருங்க, அந்த மடிப்பு நான் பண்ணினது. நெருப்புக்கு அடியிலயா? வெள்ளையா மூடாக்குப் போட்ட மாதிரியா? அது வெளிச்சத்துல அப்படித் தெரியுதுங்க, வேற ஒண்ணுமில்ல. இருங்க, இப்படித் திருப்பறேன். இதுதான் பின்பக்கம்.

அட, இன்னும் படியலியே.

காத்தால போட்டது. இந்நேரம் நேராயிருக்கணுமே. இந்தக் கடைசியில பாருங்க, 'அக்கா'ங்கற எடம் மட்டும் தூக்கிட்டு நிக்குது. இப்படியே கொண்டுபோய்க் குடுத்தா, ஒட்டத் தெரியலைன்னுதான நெனப்பா. லேசா ஒரே ஒரு தடவை...

என்னங்க சொன்னீங்க? 'தொடாதீங்க'ளா?

நீங்களுமா? ஏனுங்க, உக்கடத்துல ஏறி இப்பத்தான் இதப் பத்தி மொதல்ல கேக்கறீங்க, அதுக்குள்ள எனக்குச் சொல்லித் தர்றீங்களா? பரிசு வாங்கினவனுங்க நான். அன்னிக்கு ஈரமா இருந்துச்சு, வழுக்கிருச்சு. இது காத்தால போட்டது. நுனியில மட்டும் வெரலை வெச்சு, இப்படி, ஒரு அழுத்து...

...

ம்.

வந்துருச்சு.

முழுசா வந்துருச்சுங்க. பாருங்க, ஒரு எழுத்துக்கூடக் கிழியல. அப்படியே கட்டைவெரல்ல உக்காந்திருக்குது.

உடுமலை ஸ்டாண்டுங்களா? எந்திரிங்க, எந்திரிங்க. இந்த டப்பாவக் கொஞ்சம் நீங்க வாங்கிக்குங்க, எனக்கு இந்தக் கை ஆகாது. முன்னால போங்க, நான் உங்க முதுகுக்குப் பின்னாலயே வர்றேன். ஆரும் என் கை மேல இடிக்காமப் பாத்துக்குங்க. ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் வாங்க, போதும். கர்ச்சீப்பா? வேண்டாமுங்க! தொடைக்க மாட்டேன். தண்ணி கிண்ணி பட உட மாட்டேன். இப்படியே போய் அவ முன்னாடி நின்னு, "கையக் காட்டுங்க"ன்னு அவ சொல்றதுக்கு முன்னாடி நானே காட்டறேன். பாரு சாந்தாமணி, இந்தத் தடவை கழுவலைன்னு சொல்றேன்.

அவ கேட்டது அதத்தானுங்களே?